வண்டி பேட்டரியில் ஃப்ரிட்ஜ்: முதலில் வயரைப் பாருங்கள்

"அண்ணே, பேட்டரி புதுசு, ஃப்ரிட்ஜும் புதுசு. ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்த்தா ஆஃப் ஆகிக் கிடக்குது." வண்டி வயரிங் வேலை பார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் போன் இது. கூப்பிட்டவர் இதற்குள் இன்னொரு பெரிய பேட்டரியை விலை பேசியிருப்பார். அதை வாங்கிவிடலாமா என்பதுதான் அடுத்த கேள்வி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை போகும் வயர் எத்தனை சதுர மில்லிமீட்டர்? "அதெல்லாம் தெரியாதுண்ணே, வண்டியில இருக்குற லைட்டர் சாக்கெட்லதான் சொருகியிருக்கேன்" என்பார். அப்போதே பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஆறு நிறையத் தண்ணீர் ஓடினாலும் நாய் நக்கித்தான் குடிக்க வேண்டும் என்பார்கள். பேட்டரியை எவ்வளவு பெரிதாக்கினாலும் இடையில் இருக்கும் வயர் மெலிதாக இருந்தால் ஃப்ரிட்ஜுக்கு அந்த அளவுதான் கிடைக்கும். அதனால் எதையும் புதிதாக வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு போடுவோம், அப்புறம் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுப்போம்.

உங்களிடம் இருப்பது எந்த ஃப்ரிட்ஜ்?

கடையில் எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டியாகத்தான் இருக்கும். உள்ளே மூன்று வகை.

முதல் வகை கம்ப்ரஸர் வைத்தது. 12 வோல்ட், 24 வோல்ட் இரண்டிலும் ஓடும்; எது வருகிறது என்று தானே கண்டுகொள்ளும். ஓடும்போது 40 முதல் 60 வாட் வரை எடுக்கும். உள்ளே வேண்டிய குளிர் வந்ததும் கம்ப்ரஸர் நின்றுவிடும், சூடு ஏறினால் மறுபடி ஓடும். பேட்டரியில் வைத்து ஓட்ட ஏற்றது இதுதான்.

இரண்டாவது பெல்டியர் வகை, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு வைத்தது. விலை குறைவு, எடை குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் பெரும்பாலானவை நிற்காமல் 4, 5 ஆம்ப் இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியில் இருக்கும் வெப்பநிலையிலிருந்து 15, 20 டிகிரிதான் இறக்கும். வெளியே 38 என்றால் உள்ளே 18 வந்தாலே பெரிது. வண்டி ஓடும் நேரத்தில் தண்ணீர் பாட்டிலைச் சில்லென்று வைத்துக்கொள்ளலாம். நிறுத்திய வண்டியில் இதை இரவு முழுக்க ஓட்ட நினைப்பது பேட்டரிக்குச் செய்யும் அநியாயம்.

மூன்றாவது வகை எரிவாயுவிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும். கம்ப்ரஸர் கிடையாது, ஹீட்டரைச் சூடாக்கித்தான் குளிர் உண்டாக்கும். 12 வோல்ட்டில் 8, 10 ஆம்புக்கு மேல் தொடர்ந்து இழுக்கும். அந்த 12 வோல்ட் வசதியே வண்டி ஓடும்போது பயன்படுத்தத்தான். நிறுத்தியதும் எரிவாயுவுக்கு மாற்றிவிட வேண்டும்.

இனி நான் சொல்வதெல்லாம் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் பற்றித்தான்.

எவ்வளவு குடிக்கும்?

ஃப்ரிட்ஜின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை 12-ஆல் வகுத்தால் ஆம்ப் வரும். 48 வாட் என்றால் 4 ஆம்ப். ஆனால் அது ஓடும்போது மட்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிதமான வெயில், உள்ளே 4 டிகிரி, மூடியை அடிக்கடி திறக்காத பழக்கம் என்றால் மணிக்கு 20, 25 நிமிடம் ஓடும். சராசரி 1.6 ஆம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 38, 40 ஆம்ப்-ஹவர் (ஆம்ப்பை ஓடிய மணி நேரத்தால் பெருக்கிய அளவு). கொளுத்தும் வெயிலில் மூடிய வண்டிக்குள் வைத்தால் ஓடும் நேரம் சுலபமாக ஒன்றரை மடங்காகும். மைனஸ் 18-இல் ஃப்ரீசராக வைத்தால் இரு மடங்கும் தாண்டும்.

கணக்குக்குப் பதிலாக நேராக அளக்க வேண்டுமா? ஆம்ப்-ஹவர் காட்டும் சின்ன வாட் மீட்டர்கள் கிடைக்கின்றன. வயரின் நடுவே மாட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க ஓட விடுங்கள். அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்புவதைவிட அதில் வரும் எண்ணை நம்பலாம்.

ஸ்டார்ட் பேட்டரியை நம்பி எவ்வளவு நேரம்?

வண்டியோடு வரும் பேட்டரி செல்ஃப் அடிப்பதற்காகச் செய்தது. சில நொடிகளுக்கு நூறு, இருநூறு ஆம்ப் என்று கொட்டிவிட்டு உடனே ஆல்டர்னேட்டரிடம் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் பாகம்) வாங்கி நிரப்பிக்கொள்ள வேண்டும், அதுதான் அதன் வேலை. அதற்காக உள்ளே மெல்லிய தகடுகளாக நிறைய வைத்திருப்பார்கள். அதை மெதுவாக, ஆழமாகக் காலி செய்தால் தகடுகள் கெடும். பல முறை அடிவரை இறக்கிய பேட்டரி அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் பழைய பலத்துக்கு வராது.

மல்டிமீட்டரில் படிக்க வேண்டிய எண்கள் இவை. வண்டி சில மணி நேரமாவது ஓடாமல், எந்த லோடும் இல்லாமல் இருக்கும்போது 12.6 அல்லது 12.7 வோல்ட் என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 கால். 11.8-க்கு வந்துவிட்டால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். வண்டியை நிறுத்திய கையோடு அளந்தால் 12.9, 13 என்று பொய் சொல்லும்; அது மேலோட்டமான சார்ஜ். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து அளந்தால் உண்மை தெரியும்.

60 ஆம்ப்-ஹவர் ஸ்டார்ட் பேட்டரியில் நான் கால் பங்குக்கு மேல் தொட விடுவதில்லை. அதாவது 15 ஆம்ப்-ஹவர். மேலே போட்ட 1.6 ஆம்ப் கணக்கில் ஒன்பது மணி நேரம் வரும். இரவு நிறுத்திக் காலையில் கிளம்புகிறவருக்கு இது போதும். பேட்டரிக்கு மூன்று, நான்கு வயது ஆகிவிட்டால் மேலே எழுதியிருக்கும் 60 உள்ளே இருக்காது. அப்போது இந்த ஒன்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். குளிர் இடங்களில் செல்ஃப் அடிக்கவே கூடுதல் பலம் வேண்டும், அதனால் இன்னும் குறைக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு நாள் நிற்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பேட்டரியைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

மின்வாகனம் வைத்திருப்பவர்கள் "எங்களுக்குத்தான் பெரிய பேட்டரி இருக்கே" என்பார்கள். லைட்டர் சாக்கெட் அந்தப் பெரிய பேட்டரியோடு நேராகச் சேர்ந்ததில்லை. தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கும். அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கண்ணே திறக்காது. வண்டி ஆன் நிலையில் இருந்தால் பெரியது சின்னதை நிரப்பிக்கொண்டே இருக்கும், பிரச்சினை இல்லை. அணைத்த நிலையில் சாக்கெட் என்ன செய்கிறது என்று கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வயர்

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்கச் சொல்வேன். வீட்டு மின்சாரத்தில் ஒரு வோல்ட் விழுந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் என்பது கிட்டத்தட்ட பன்னிரண்டில் ஒரு பங்கு. ஃப்ரிட்ஜ் தன் வாயில் வரும் வோல்ட்டைத்தான் பார்க்கும். பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்து வண்டியின் பின்பக்கம் வரை நான்கு மீட்டர் என்று வைப்போம். போக நான்கு, வர நான்கு, மொத்தம் எட்டு மீட்டர் தாமிரம். 1 சதுர மி.மீ. வயரில் 4 ஆம்ப் ஓடினால் அந்த எட்டு மீட்டரில் மட்டும் 0.55 வோல்ட் விழும். 2.5 சதுர மி.மீ. என்றால் 0.22. 4 என்றால் 0.14. 6 என்றால் 0.09. இதோடு ஃபியூஸ் ஹோல்டர், சாக்கெட், பிளக், இடையில் போட்ட முறுக்கு ஜாயின்ட் எல்லாம் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடும். மெல்லிய வயரும் தொளதொளத்த சாக்கெட்டும் சேர்ந்தால் ஒரு வோல்ட் காணாமல் போவது சாதாரணம். பேட்டரியில் 12.2 இருக்கும், பாதி சார்ஜ், ஃப்ரிட்ஜுக்கு 11.2-தான் தெரியும். பேட்டரி காலி என்று நினைத்து அது அணைந்துவிடும்.

அணைந்ததும் ஒரு வேடிக்கை நடக்கும். கரண்ட் ஓடாததால் வயரில் விழுந்த வோல்ட் திரும்ப வந்துவிடும். ஃப்ரிட்ஜ் மறுபடி 12.2 பார்க்கும். சரி, தேறிவிட்டது என்று கம்ப்ரஸரைத் தட்டி எழுப்பும். ஓடத் தொடங்கியதும் மறுபடி 11.2. மறுபடி அணையும். இரவில் காது கொடுத்துக் கேட்டால் கம்ப்ரஸர் 'டுர்ர்' என்று முனகிவிட்டு நிற்பதும், கொஞ்ச நேரத்தில் மறுபடி முனகுவதும் கேட்கும். இந்தச் சத்தம் கேட்டால் புதுப் பேட்டரி வாங்க ஓடாதீர்கள்.

நான் வழக்கமாகப் போடுவது 6 சதுர மி.மீ. தாமிர வயர், பேட்டரியிலிருந்து நேராகத் தனி லைன். இவ்வளவு தடிமன் எதற்கு, 2.5 போதாதா என்று கேட்பார்கள். வெறும் ஃப்ரிட்ஜுக்கு, நீளம் குறைவாக இருந்தால் போதும்தான். ஆனால் ஒரு முறை டிரிம் எல்லாம் கழற்றி வயர் இழுத்தவர் அதே வேலையை இரண்டாம் முறை செய்ய விரும்ப மாட்டார்.

வயர் வாங்கும்போது இரண்டு விஷயம். சில இடங்களில் '6 எம்எம் வயர்' என்று கொடுப்பது உறையோடு சேர்த்த விட்டம். உள்ளே தாமிரம் 6 சதுர மி.மீ. இருக்காது. சதுர மி.மீ. என்று உறையில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். இன்னொன்று, தாமிரம் பூசிய அலுமினிய வயர். பார்க்க அசல் மாதிரியே இருக்கும். ஓர் இழையை உருவி, பிளேடால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு நிறம் போய் வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதே தடிமனில் அதற்குத் தடை மிக அதிகம். கிரிம்ப் செய்த (கருவியால் அழுத்திப் பிடித்த) இடத்தில் நாளடைவில் தளர்ந்தும் போகும். முழுக்க வெள்ளி நிறமாக இருந்து, சுரண்டினால் செம்பு தெரிகிறதா? அது வெள்ளீயம் பூசிய தாமிரம். தாராளமாக வாங்கலாம், ஈரமான இடங்களுக்கு அதுதான் மேல்.

பேட்டரியின் பிளஸ் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஃப்ரிட்ஜ் பிளக்குக்குள் ஏற்கெனவே ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஃப்ரிட்ஜைக் காப்பாற்றும். நடுவழியில் வயர் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்ப்பை அதன் வழியே கொட்டும். தீப்பிடிக்க நிமிடங்கள் வேண்டாம். பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான். 6 சதுர மி.மீ. வயருக்கு 20 ஆம்ப் போடுகிறேன். 2.5-க்கு 15 போதும்.

தகடு துளைத்து வயர் உள்ளே வரும் இடத்தில் ரப்பர் கிராமெட் (துளையின் ஓரம் வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) கட்டாயம். ஏற்கெனவே ஹார்னஸ் (வண்டியின் வயர்க் கட்டு) போகும் கிராமெட்டில் இடம் இருந்தால் அதன் வழியாகவே விடலாம். சைலன்ஸர் குழாயிலிருந்தும் பெடலிலிருந்தும் தள்ளிக் கொண்டுபோங்கள். ஏர்பேக் வயர்கள் மஞ்சள் உறையில் இருக்கும். அந்தப் பக்கம் கையே வைக்காதீர்கள். முழு நீளத்துக்கும் சுருள் குழாய் மாட்டிவிட்டால் நிம்மதி.

லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போடும்போது அதற்குரிய கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கியது அன்றைக்கு நன்றாகத்தான் பிடித்திருக்கும். வண்டி குலுங்கக் குலுங்கத் தளரும். அழுத்திய பிறகு வயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் இப்போதே வரட்டும். மேலே பசையுள்ள சுருங்கும் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினால் ஈரம் ஏறாது.

மைனஸ் பக்கத்தைப் பலரும் கண்டுகொள்வதில்லை. பாடி எர்த் எடுக்கலாம், அதாவது வண்டியின் உலோக உடலையே மைனஸ் வழியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெயின்ட் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரியும் இடத்தில் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவ வேண்டும். எனக்குப் பிடித்தது மைனஸையும் தனி வயராகவே முன்னால் வரை கொண்டுபோவது. ஒரு எச்சரிக்கை: அண்மைக்கால வண்டிகளில் மைனஸ் டெர்மினலின் மேலேயே ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். பேட்டரியில் எவ்வளவு போகிறது, வருகிறது என்று அது கணக்கு வைக்கிறது. உங்கள் மைனஸ் வயரை நேராக டெர்மினலில் மாட்டினால் ஃப்ரிட்ஜ் எடுப்பது அதன் கணக்கில் வராது. சென்சாரைத் தாண்டி, பாடியில் எர்த் பிடித்திருக்கும் போல்ட்டில் மாட்டுங்கள்.

கடைசி முனையில் லைட்டர் சாக்கெட் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. சிகரெட் பற்றவைக்கச் செய்த அமைப்பு அது. நடுவில் ஒரு ஸ்பிரிங் முனை, பக்கத்தில் இரண்டு தகட்டுக் காது. குலுங்கினால் பிளக் ஒரு நூல் அளவு பின்னால் வரும். வெளியே பார்த்தால் சொருகியே இருக்கும், உள்ளே தொடுகை போயிருக்கும். நாள்பட்டதைக் கழற்றிப் பாருங்கள்: ஸ்பிரிங் முனையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஸ்பிரிங் பலமிழந்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கில் விரல் வைத்துச் சூடு தெரிந்தால், அந்தச் சூடு ஃப்ரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டிய சக்தி. ஆண்டர்சன் கனெக்டர் (இரு பாதியும் இறுக்கிச் சேரும் தடித்த பிளக்) போட்டுவிடுங்கள். 50 ஆம்ப் தாங்கும், இழுத்தால்தான் வரும். அது பெரிதாகத் தெரிந்தால் திருகிப் பூட்டும் வகை 12 வோல்ட் பிளக் வாங்கலாம்.

எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பது

ஏற்கெனவே வயர் போட்ட வண்டி என்றால் எல்லாவற்றையும் பிய்க்க வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைக் கீழே இறக்கி வைத்துக் கம்ப்ரஸரை ஓட விடுங்கள். ஓடாதபோது அளந்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும், அது பயனில்லை. மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள்.

பேட்டரியின் இரு டெர்மினலிலும் வைத்துப் பாருங்கள், 12.5 என்று வைப்போம். அப்புறம் ஃப்ரிட்ஜுக்குள் போகும் பிளக்கில், பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்துப் பாருங்கள். 11.6. ஆக 0.9 வோல்ட் வழியில் தொலைந்திருக்கிறது. இனி ஒரு நீளமான வயரை மீட்டரின் ஒரு முனையோடு சேர்த்து, பேட்டரி பிளஸ்ஸில் ஒரு முனை, பின்னால் சாக்கெட்டின் பிளஸ்ஸில் மறு முனை என்று வையுங்கள். இரண்டும் பிளஸ், சுழி காட்ட வேண்டும் என்று தோன்றும். காட்டாது, 0.5 காட்டும். பிளஸ் வழியில் தொலைந்தது அவ்வளவு. அதே மாதிரி மைனஸிலிருந்து மைனஸுக்கு: 0.3. மிச்சம் 0.1 பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடத்தில்.

பிளஸ் வழியை இனித் துண்டு துண்டாகப் பாருங்கள். ஃபியூஸ் ஹோல்டரின் இரு பக்கமும் முனையை வைத்ததும் 0.2 வந்தால் ஹோல்டரை மாற்றுங்கள், அதற்குள் பச்சை பூத்திருக்கும். மைனஸின் 0.3 பெரும்பாலும் எர்த் போல்ட்டுக்கடியில் இருக்கும் பெயின்ட். கால் மணி நேர வேலையில் அரை வோல்ட்டை மீட்டுவிடலாம். பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை மொத்த இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் வந்தால் நான் கருவிகளைப் பைக்குள் போட்டுவிடுவேன்.

லோ, மீடியம், ஹை

பெரும்பாலான கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜில் பேட்டரிப் பாதுகாப்பு என்று ஓர் அமைப்பு இருக்கும். குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே போனால் அணைத்துவிடும். மாடலுக்கு மாடல் எண் மாறும் என்றாலும், ஹை என்றால் 11 வோல்ட்டுக்கு மேல், மீடியம் 10-ஐ ஒட்டி, லோ அதற்கும் கீழே என்ற ரீதியில் இருக்கும். ஸ்டார்ட் பேட்டரியோடு ஓட்டினால் கண்ணை மூடிக்கொண்டு ஹை. லோ என்பது பவர் ஸ்டேஷன் (பேட்டரியும் சாக்கெட்டும் சேர்ந்த, தூக்கிப் போகும் பெட்டி) மாதிரித் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் இடங்களுக்கு.

ஹையில் வைத்தால் அணைந்துவிடுகிறது, லோவில் வைத்ததும் ஓடுகிறது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. வயர் தின்னும் வோல்ட்டை மறைக்க லோவில் வைத்தால், காலையில் செல்ஃப் எடுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும்தான் வரும்.

டான்ஃபாஸ் வழிவந்த சீகாப் கம்ப்ரஸர்களில் கன்ட்ரோலரோடு ஒரு சின்ன விளக்கு இணைத்திருந்தால் அது மினுக்கிக் காட்டும். ஒரே ஒரு மினுக்கல் என்றால் வோல்ட் குறைவு. மற்றவற்றில் திரையில் பிழை எண் வரும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கையேட்டிலிருந்து எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்துவிடுங்கள். இரவில் கையேடு கிடைக்காது.

இரண்டாவது பேட்டரி

ஒரு இரவுக்கு மேல் நிற்பவர்களுக்கு இது தேவை. ஃப்ரிட்ஜ் முழுக்க இதில் ஓடும். ஸ்டார்ட் பேட்டரியைத் தொடாது. 100 ஆம்ப்-ஹவர் ஏ.ஜி.எம். (தண்ணீர் ஊற்ற வேண்டாத, மூடிய ஈய வகை) பேட்டரியில் பாதியை எடுக்கலாம், 50. நம் கணக்கில் ஒரு பகல் ஓர் இரவு தாண்டி இன்னும் சில மணி நேரம். அதே 100-இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 80 வரை எடுக்கலாம், இரண்டு நாள். எடை ஏ.ஜி.எம். சுமார் 30 கிலோ, லித்தியம் சுமார் 12. விலைதான் இடிக்கும். சாதாரணத் தண்ணீர் ஊற்றும் பேட்டரியை ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியே விடும். லித்தியத்தை என்ஜின் பக்கம் வைக்காதீர்கள், வெப்பம் ஆகாது. சுழி டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜும் ஏற்றக் கூடாது. எதுவாக இருந்தாலும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

இதை ஓடும்போது நிரப்ப இரண்டு வழி. ஒன்று வோல்ட்டைப் பார்த்து இணைக்கும் ரிலே. என்ஜின் ஓடி 13.3 வோல்ட் வந்ததும் இரு பேட்டரிகளையும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். பழைய வண்டி, ஏ.ஜி.எம். பேட்டரி என்றால் இது போதும், எளிமையானது. இரண்டாவது டி.சி.-டி.சி. சார்ஜர். புது வண்டிகளில் ஆல்டர்னேட்டரை வண்டியின் கணினி ஆட்டிவைக்கும். ஸ்டார்ட் பேட்டரி நிறைந்ததும் எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்ட்டைக் குறைத்துவிடும். ரிலே அதைப் பார்த்து என்ஜின் நின்றுவிட்டது என்று பிரித்துவிடும். மணிக்கணக்கில் ஓட்டியும் இரண்டாவது பேட்டரி நிறையாது. டி.சி.-டி.சி. சார்ஜர் வருகிற வோல்ட்டை ஏற்றி இறக்கி, பேட்டரிக்கு வேண்டியதைச் சரியாகக் கொடுக்கும். லித்தியம் வைத்தால் இது கட்டாயம். அதற்கு உள்தடை குறைவு. நேராக இணைத்தால் எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கும், மெதுவாகச் சுற்றும் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிப் போகலாம்.

ஒரு மணி நேரம் ஓட்டினால் நிறைந்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் ஈயப் பேட்டரியில் பலிக்காது. 80 சதவீதம் வரை ஓரளவு வேகமாக ஏறும். கடைசி 20 சதவீதம் மணிக்கணக்கில் நத்தை மாதிரி ஊரும். 25 ஆம்ப் டி.சி.-டி.சி. சார்ஜரும் லித்தியமும் இருந்தால் ஒரு நாள் செலவான 40 ஆம்ப்-ஹவர் இரண்டு மணி நேரத்துக்குள் திரும்ப வந்துவிடும். நிறைய நின்று குறைவாக ஓட்டுபவர்கள் 100 வாட் சோலார் பேனலும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலரும் (பேனலிலிருந்து முடிந்தவரை அதிகம் எடுத்துப் பேட்டரிக்குக் கொடுப்பது) சேர்த்துக்கொள்ளலாம். நல்ல வெயில் நாளில் 25, 30 ஆம்ப்-ஹவர் தரும். ஆனால் பேனல் வெயிலிலும் வண்டி நிழலிலும் இருக்க வேண்டும், அதனால் கூரையில் ஒட்டுவதைவிட வயரோடு தள்ளி வைக்கும் வகைதான் எனக்குப் பிடிக்கும்.

வயரிங்கே வேண்டாம் என்பவர்களுக்குப் பவர் ஸ்டேஷன். 500 வாட்-ஹவர் பெட்டி ஒன்று கிட்டத்தட்ட ஒரு நாள் தாங்கும். அதில் 12 வோல்ட் வாயில் சொருகுங்கள். வீட்டு பிளக் வாயில் சொருகினால் 12-ஐ ஏற்றி 230 ஆக்கி, ஃப்ரிட்ஜின் அடாப்டர் அதை மறுபடி இறக்கி 12 ஆக்கும். இரண்டு முறை மாற்றுவதிலேயே கணிசமாகத் தொலையும். இன்வெர்ட்டர் வைத்து ஓட்டுபவர்களுக்கும் இதேதான்.

லாரி, பஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 ஆக்கியிருப்பார்கள். அதில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்து ஃப்ரிட்ஜுக்குக் கொடுக்காதீர்கள். ஒன்று இறங்கும், மற்றது நிறைந்திருக்கும், சார்ஜ் ஏறும்போது நிறைந்தது கொதிக்கும். இரண்டுமே சீக்கிரம் போய்விடும். ஃப்ரிட்ஜுக்கு 24 வோல்ட்டையே கொடுங்கள். ஆம்ப் பாதியாகும், வயரில் விழுவதும் பாதியாகும்.

ஃப்ரிட்ஜ் பக்கம் செய்ய வேண்டியது

கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டு மின்சாரத்தில் போட்டுக் குளிர வையுங்கள். உள்ளே வைப்பதையும் குளிர வைத்தே வையுங்கள். வெதுவெதுப்பான பாட்டில்களைக் குளிர்விக்கக் கம்ப்ரஸர் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும். அந்தச் சுமை பேட்டரி மேல் எதற்கு? காலியாக இருப்பதைவிட நிறைந்திருப்பது நல்லது. காற்றுப் போகும் சல்லடைப் பக்கத்தில் ஒரு சாணாவது இடம் விடுங்கள். படுக்கையும் பையும் அதன் மேல் சாய்ந்தால் வெப்பம் வெளியேறாமல் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். மருந்து வைப்பவர்கள், குறிப்பாகத் திறக்காத இன்சுலின் வைப்பவர்கள், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று உள்ளே தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள். திரையில் காட்டுவது சென்சார் இருக்கும் இடத்து வெப்பநிலை மட்டும்தான். அடியில், சுவரை ஒட்டி வைத்த இன்சுலின் உறைந்துபோனால் பிறகு பயன்படாது.

எல்லாம் மாட்டி முடித்ததும் நேராகப் பயணம் கிளம்பிவிடாதீர்கள். வீட்டு வாசலிலேயே ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். படுக்கப் போகும் முன் கம்ப்ரஸர் ஓடும்போது பேட்டரியில் எவ்வளவு, ஃப்ரிட்ஜ் வாயில் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். காலையில் ஃப்ரிட்ஜை அணைத்து, அரை மணி நேரம் விட்டு, ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியை அளங்கள். 12.4-ஐ ஒட்டி இருந்தால் அந்தப் பேட்டரியிலேயே தாராளமாகப் போய் வரலாம். 12.2-க்குக் கீழே வந்திருந்தால் இரண்டாவது பேட்டரியைப் பற்றி யோசியுங்கள். இரவு எழுதிய இரண்டு எண்ணுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் மறுபடி வயர் பக்கம்.